இழப்பீடு பிச்சையல்ல, உரிமை!

ஆண்டர்சன்பேட்டையில் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் தோழர் ஒருவர் அண்மையில் ஒரு கடிதத்துடன் சங்க அலுவலகத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட ஒரு பக்கக் கடிதம். அவர் பிரீமியம் கட்டிவந்த காப்பீட்டு நிறுவனம் அனுப்பியது. பேத்தமங்கலா சாலையில் விடியற்காலை நேரத்தில், எதிரே தவறான பக்கத்தில் வந்த லாரி அவர் வண்டியின் முன்பகுதியை நசுக்கிவிட்டது. சந்தைக்குக் காய்கறி மூட்டைகள் ஏற்றி வந்துகொண்டிருந்தார். வண்டியைச் சரிசெய்ய ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்று பட்டறையில் கணக்கிட்டார்கள். நிறுவனத்தின் சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், சில தாள்களில் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். நாற்பது நாள் கழித்து வந்த கடிதத்தின் சாரம் இதுதான்: விபத்து நேரத்தில் அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாக ஒரு நபர் வண்டியில் இருந்தார், எனவே பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, எனவே ஒரு ரூபாயும் தர இயலாது.

அந்தக் கூடுதல் நபர் சந்தையில் மூட்டை இறக்கும் தொழிலாளி. நடந்து போகிறவரை வழியில் ஏற்றிக்கொண்டார். அதனால்தான் எதிரே வந்த லாரி மோதியதா? கடிதம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான்கு ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் கட்டிய பிரீமியத்தைப் பற்றியும் பேசவில்லை. வண்டி பட்டறையில் கிடக்கிறது. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கிறது.

“நான் கட்டிய பணத்துக்கு என்ன பதில், தோழர்?” என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியைத் தனி ஒருவரின் துயரமாக எண்ணி ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அப்படிச் செய்வது தவறு. தங்கவயலின் தெருக்களில் இதே கேள்வியுடன் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த அலுவலகத்தின் படியும் ஏறாமல், வட்டிக்கு வாங்கி வண்டியைச் சரிசெய்துகொண்டு மௌனமாகிவிடுகிறார்கள். அந்த மௌனத்தின் மீதுதான் காப்பீட்டு நிறுவனங்களின் இலாபத்தில் ஒரு பங்கு கட்டப்பட்டிருக்கிறது.

சுரங்கம் மூடிய ஊரில் வண்டி என்பது என்ன?

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையிலிருந்த சுரங்கம் 1956-ல் மைசூர் அரசின் உடைமையானது. பின்னர் மத்திய அரசின் கைக்குச் சென்று, 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயிற்று. தாராளமயத்தின் கோடாரி அதன் மீதும் விழுந்தது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நகரத்தின் வாழ்வாதாரம் ஒரே அறிவிப்பில் பறிக்கப்பட்டது.

அதன் பிறகு இந்த மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். ஊரில் தங்கியவர்களில் பலர் கிடைத்த சிறு தொகையையும் கடனையும் சேர்த்து ஆட்டோ வாங்கினார்கள், லோடு ஆட்டோ வாங்கினார்கள், பழைய வேன் வாங்கினார்கள். ராபர்ட்சன்பேட்டையிலும் உரிகத்திலும் சாம்பியன் ரீஃபிலும் ஓடும் இந்த வண்டிகள் உடைமையாளரின் ஆடம்பரம் அல்ல. கூலியின் இடத்தை நிரப்பவந்த கருவிகள்.

“வண்டி வைத்திருப்பவன் சிறு உடைமையாளன் அல்லவா, இது எப்படித் தொழிலாளி வர்க்கப் பிரச்சினை ஆகும்?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நிதி நிறுவனத்தின் பெயர் அடமானப் பதிவாக அதில் ஏறியிருக்கும். வண்டி முழுதாக நொறுங்கிப்போனால் காப்பீட்டுத் தொகை முதலில் போய்ச் சேருவது அந்த நிதி நிறுவனத்துக்கே. மிச்சம் இருந்தால்தான் ஓட்டுநருக்கு. உடைமை என்பது காகிதத்தில் மட்டும். உழைப்பும் இழப்பும் அவருடையவை. பிணையும் பாதுகாப்பும் மூலதனத்துடையவை.

கழிவு என்னும் கத்தரிக்கோல்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக் கூடாது என்கிறது. சாலையில் அடிபடும் எளியவருக்கு இழப்பீடு உறுதியாக வேண்டும் என்பதால் இந்தக் கட்டாயத்தை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயமல்ல. கடன் கொடுத்த நிதி நிறுவனம்தான் அதைக் கட்டாயமாக்குகிறது. அந்தப் பிரீமியத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஆயுள், மருத்துவக் காப்பீட்டுத் தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பரில் இந்த வரியை நீக்கிய ஒன்றிய அரசுக்கு, லோடு ஆட்டோக்காரரின் சேதக் காப்பீடு கண்ணில் படவில்லை.

இனி, பணம் தர ஒப்புக்கொண்ட நிலையிலும் எவ்வளவு தருகிறார்கள் என்று பார்ப்போம். 2002-ல் வகுக்கப்பட்ட இந்திய மோட்டார் கட்டண விதிகளின் சொற்களே இன்றும் பெரும்பாலான பாலிசிகளில் தொடர்கின்றன. அவற்றின்படி ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதி கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும்: ஓராண்டு கடந்தால் 10 விழுக்காடு, மூன்றாண்டு கடந்தால் 25, நான்காண்டு கடந்தால் 35, ஐந்தாண்டு கடந்தால் 40, பத்தாண்டு கடந்தால் 50.

நம் தோழரின் வண்டிக்கு நான்கு வயது கடந்துவிட்டது. ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் உலோகப் பாகங்கள் 60,000, பிளாஸ்டிக்கும் ரப்பரும் 20,000, கண்ணாடி 5,000, கூலி 15,000 என்று வைத்துக்கொள்வோம். உலோகத்தில் 21,000 போய் 39,000 நிற்கும். பிளாஸ்டிக், ரப்பரில் 10,000 நிற்கும். கண்ணாடியும் கூலியும் முழுதாக நிற்கும். ஆக 69,000 ரூபாய். இதிலிருந்து கட்டாயக் கழிவுத் தொகை ஒன்று போகும். கழற்றிய பழைய இரும்பின் மதிப்பு என்று இன்னொன்று போகும். இதோடும் முடியவில்லை. வணிக வாகனங்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது: விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பானட்டின் பக்கப் பாகங்கள், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் சேதம் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் ஒழியக் காப்பீட்டில் சேராது. முன்பக்கம் மோதிய வண்டியில் முதலில் நொறுங்குவது விளக்கும் பம்பரும் மட்கார்டும் அல்லாமல் வேறு என்ன? சொந்த உல்லாசத்துக்குக் கார் வைத்திருப்பவருக்கு இந்த விலக்கு இல்லை. வண்டியால் வயிறு வளர்ப்பவருக்கு இருக்கிறது!

புதிய பாகம் போட்டால் வண்டியின் மதிப்பு கூடிவிடும், ஆகவே பழமைக்குக் கழிவு வேண்டும் என்பது நிறுவனங்களின் வாதம். பட்டறைக்காரர் புதிய பாகத்தின் முழு விலையைக் கேட்கிறார். பாதி விலைக்குப் பழைய பாகம் தேடிப் போட்டால் வண்டி தகுதிச் சான்றுக்குத் தேறுமா என்பது ஐயம். கழிவின் சுமை முழுவதும் ஓட்டுநரின் தலையில் இறங்குகிறது. இந்தக் கழிவு இல்லாத பாலிசி வேண்டுமானால் கூடுதல் பிரீமியம் கட்டு என்று அதையும் ஒரு சரக்காக விற்கிறார்கள்.

சேதத்தை மதிப்பிடுபவர் யார்? 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கோரிக்கைகளை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்கிறது. மோட்டார் வண்டிகளுக்கு இன்று அந்தத் தொகை 50,000 ரூபாய். உரிமம் கொடுப்பது ஒழுங்குமுறை ஆணையம். ஆளை நியமிப்பதும் கட்டணம் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனம். நிறுவனத்தின் கையிலிருந்து வாழும் ஒருவரை நடுநிலையாளர் என்று அழைக்கிறார்கள். தங்கவயல் மக்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக மைசூர் சமஸ்தானம் 1940-களின் தொடக்கத்தில் ஏற்றது. சட்டம் வந்த பிறகும், மூச்சிரைத்து நின்றவரின் நுரையீரல் எவ்வளவு கெட்டது என்று மற்றவர்கள் அளந்து சொல்வதற்காக அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று நுரையீரலை அளந்தார்கள்; இன்று பம்பரை அளக்கிறார்கள்.

ஹாசன் லாரியின் கதை

நம் தோழருக்கு வந்த கடிதத்தின் காரணம் சட்டத்தின் முன் நிற்குமா? நிற்காது. இதைச் சொல்வது நம் ஆசை அல்ல; நம் கர்நாடகத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு.

பி.வி. நாகராஜு எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ், ஹாசன் கோட்ட அலுவலகம் என்பது அந்த வழக்கு. சரக்கு லாரி ஒன்று எதிரே வந்த வாகனத்துடன் மோதிப் பெருஞ்சேதம் அடைந்தது. ஆறு பேர் பயணம் செய்ய அனுமதி இருந்த வண்டியில் ஒன்பது பேர் இருந்தார்கள் என்பதைக் காரணம் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்தது. கர்நாடக மாநில நுகர்வோர் ஆணையம் வண்டிக்காரரின் பக்கம் நின்றது. தேசிய ஆணையம் அதைக் கவிழ்த்து நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தேசிய ஆணையத்தின் முடிவை நீக்கி மாநில ஆணையத்தின் உத்தரவை நிலைநிறுத்தியது. கூடுதலாகச் சிலர் ஏறியதால் விபத்து நிகழவில்லை. விபத்துக்குக் காரணமாகாத ஒரு மீறல், ஒப்பந்தத்தின் அடிப்படையையே தகர்க்கும் மீறல் ஆகாது. சேதத்தை ஈடுசெய்வதுதான் ஒப்பந்தத்தின் தலையாய நோக்கம், அந்த நோக்கத்தைக் குலைக்கும்படி விலக்கு விதியை வாசிக்கக் கூடாது. இதுவே தீர்ப்பின் உட்பொருள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹாசன் லாரிக்குத் தீர்ந்துபோன கேள்வியை ஆண்டர்சன்பேட்டை லோடு ஆட்டோவுக்கு மீண்டும் எழுப்புகிறார்கள்! இடையில் லக்மி சந்த் எதிர் ரிலையன்ஸ் ஜெனரல் இன்சூரன்ஸ் வழக்கிலும் இதே காரணம் சொல்லப்பட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நாகராஜு தீர்ப்பைச் சுட்டிக்காட்டி அதையும் தள்ளியது. ஒவ்வொரு ஏழையும் தன் வண்டிக்காகத் தனித்தனியே தில்லி வரை போக வேண்டுமா?

மற்றச் சாக்குகளின் கதியும் இதுவே. சர்வேயர் அறிக்கையே இறுதி என்பார்கள். அது இறுதிச் சொல் அல்ல, அதிலிருந்து விலகலாம் என்று லாரிச் சேதம் பற்றிய பிரதீப் குமார் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் வாடகை வண்டி ஓட்டினார், ஆகவே பணம் இல்லை என்பார்கள். 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை அந்த உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பாயிற்று. நிறுவனங்கள் விடாமல் மீண்டும் எதிர்த்து வாதாட, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. காகிதம் கொண்டு வா என்பார்கள். திருட்டுப்போன லாரிக்காரர் ஒருவரிடம், அவரால் பெறவே முடியாத சான்றிட்ட நகலைக் கேட்டுப் பணத்தை நிறுத்திய வழக்கில், அற்பக் காரணங்களைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுப்பதைக் குர்மேல் சிங் தீர்ப்பில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனிப் பேசாதே என்பார்கள். ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கிய அத்தகைய கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று 1999-லேயே அஜ்மீர் சிங் மில் வழக்கில் கூறியாயிற்று.

மோசடிக் கோரிக்கைகளே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. போலி ரசீது, இல்லாத விபத்து, ஆள்மாறாட்டம் எல்லாம் உண்டு. மோசடி என்று சொல்பவர் அதை நிரூபிக்கட்டும். பத்துப் பேரில் ஒருவர் ஏமாற்றக்கூடும் என்பதற்காகப் பத்துப் பேரின் பணத்தையும் நிறுத்துவது விசாரணை அல்ல, தண்டனை.

மறுப்பது ஏன் இலாபம்?

தீர்ப்புகள் இத்தனை தெளிவாக இருந்தும் மறுப்புக் கடிதங்கள் ஏன் நிற்கவில்லை? நிறுவனத்தில் தீர்ப்புகளைப் படித்தவர் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் கணக்கும் படித்தவர்கள். நூறு பேருக்கு மறுத்தால் எத்தனை பேர் வழக்குக்கு வருவார்கள்? வராதவர்களின் பணம் முழுதும் மிச்சம். பாதித் தொகைக்கு ஒப்புக்கொள்பவர்களால் பாதி மிச்சம். வழக்காடி வெல்லும் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வட்டியுடன் கொடுத்தாலும், அதுவரை அந்தப் பணம் நிறுவனத்தின் முதலீட்டில் இருந்து சம்பாதித்திருக்கும். காலம் நிறுவனத்தின் பக்கம் வேலை செய்கிறது. ஓட்டுநருக்கோ வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி இழந்த நாள். பட்டினியோடு பேரம் பேசுகிறவன் பலவீனன் என்பதை மூலதனம் எப்போதும் அறியும்.

தங்கவயலில் இதற்கு மொழியும் துணைபோகிறது. பாலிசி ஆங்கிலத்தில், காவல் நிலைய அறிக்கை கன்னடத்தில், பாதிக்கப்பட்டவர் பேசுவதோ தமிழ். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டப்படும் இடத்தில் அவர் போடுகிறார். அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

பொதுத்துறையின் பெயரால் ஒரு தன்விமர்சனம்

இங்கே நாம் ஒரு உண்மையை ஒளிக்காமல் பேச வேண்டும். ஹாசன் லாரிக்கு மறுத்தது தனியார் நிறுவனம் அல்ல, பொதுத்துறை நிறுவனம். “பார்த்தீர்களா, அரசு நிறுவனமும் அப்படித்தான்; ஆகவே தனியாருக்கு விடுங்கள்” என்று தாராளமயத்தின் பிரசாரகர்கள் உடனே சொல்வார்கள்.

வரலாற்றைப் பார்ப்போம். 1972-ல் சட்டம் இயற்றி, 1973 ஜனவரி 1 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்னும் நான்கில் இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1951-ல் தோன்றிய அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் தேசியமயத்துக்காக நடத்திய நீண்ட போராட்டம் 1956-ல் ஆயுள் காப்பீட்டில் வெற்றி கண்டிருந்தது. மக்களின் சேமிப்பு மக்களுக்கே என்பது அன்றைய முழக்கம். பின்னர் மல்ஹோத்ரா குழு 1994-ல் தனியாருக்குக் கதவு திறக்கப் பரிந்துரைத்தது. 1999-ல் சட்டம் வந்தது. அந்நிய மூலதனத்தின் வரம்பு 26 விழுக்காட்டில் தொடங்கி, 2015-ல் 49 ஆகி, 2021-ல் 74 ஆகி, 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் நூறு என்று அறிவிக்கப்பட்டது. 2007 ஜனவரி முதல் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தின் மீதிருந்த கட்டண வரையறை அகற்றப்பட்டது. நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா மூன்றையும் இணைப்பதாக 2018-ல் சொன்னார்கள், 2020-ல் கைவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் அரசின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் கீழே போகலாம் என்று சட்டத்தையே திருத்தினார்கள்.

இந்த நெடும்பயணத்தில் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே: தனியாரைப் போல் நடந்துகொள், இல்லையேல் விற்றுவிடுவோம். ஆளெடுப்பு குறைந்தது, கிளைகள் சுருங்கின, கோரிக்கைகளை மறுப்பது திறமை என்றாயிற்று. இது பொதுத்துறைத் தத்துவத்தின் தோல்வி அல்ல, பொதுத்துறையைத் தனியார் இலக்கணத்தில் நடத்தியதன் விளைவு. ஆனாலும், 1990-களின் தொடக்கத்திலேயே ஹாசன் அலுவலகம் அந்த லாரிக்காரரை அலைக்கழித்தது என்பதையும் மறக்கலாகாது. அப்போது தனியார் போட்டி இல்லை. உடைமை அரசிடம் இருந்தால் மட்டும் போதாது. பாலிசிதாரர்களான உழைக்கும் மக்களுக்கும் ஊழியர்களுக்கும் அதன் நடத்தையைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் வேண்டும். பொதுத்துறையைக் காக்கும் நம் போராட்டத்துக்கு மக்கள் துணை நிற்க வேண்டுமானால், அந்த மக்களின் நொறுங்கிய வண்டிக்குப் பொதுத்துறை முதலில் பதில் சொல்ல வேண்டும். காப்பீட்டு ஊழியர் சங்கத் தோழர்களும் ஓட்டுநர் சங்கத் தோழர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

என்ன செய்வது?

தங்கவயலில் ஒவ்வொரு கிளையும் இன்றே தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு.

விபத்து நடந்தவுடன் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தர வேண்டும். நிறுவனத்துக்குச் சொன்னதற்கு எண் வாங்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கக் கூடாது. நாமும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். புரியாத எந்தத் தாளிலும் சங்கத்தில் காட்டாமல் கையெழுத்திடக் கூடாது. குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய நெருக்கடி வந்தால், “ஆட்சேபத்துடன் பெறுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கையின்படி சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அடுத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது. இந்த நாள்கணக்கைச் சங்க அலுவலகச் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வையுங்கள்.

மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, பெங்களூரில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்கு அது திருப்தி தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கோலாரில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வண்டி ஓட்டுகிறவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. வணிகம் என்று சொல்லி அவரைத் துரத்த முடியாது.

ஆனால் இவை அனைத்தும் தனி மனிதனுக்கான படிகள். ஒருவர் மட்டும் ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே ஒவ்வொரு மறுப்புக் கடிதத்தின் நகலும் சங்கத்துக்கு வரட்டும். எந்த நிறுவனம், எந்தக் காரணம், எத்தனை நாள், எவ்வளவு கழிவு என்று ஒரு பேரேடு எழுதப்படட்டும். ஒரே காரணத்துக்காகப் பத்துப் பேருக்கு மறுப்பு வந்தால், பத்து வழக்குகளும் ஒரே நாளில் கோலாரில் தாக்கலாகட்டும். அதே நாளில் அந்த நிறுவனத்தின் கிளையின் முன் நூறு ஓட்டுநர்கள் நிற்கட்டும். மறுப்பதுதான் இலாபம் என்ற கணக்கை அப்போதுதான் புரட்டிப்போட முடியும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. விபத்துக்குக் காரணமாகாத நிபந்தனை மீறலைக் காட்டி இழப்பீட்டை மறுப்பதைச் சட்டத்தால் தடை செய்! வணிக வாகனங்களுக்கு மட்டும் விளக்கையும் பம்பரையும் விலக்கும் விதியை நீக்கு! சர்வேயரை நிறுவனத்தின் சம்பளப் பிடியிலிருந்து விடுவித்து, பொது நிதியிலிருந்து கட்டணம் கொடு! பாலிசியையும் உரிமைத் தாளையும் பாலிசிதாரரின் மொழியில் கொடு! சொந்தமாக ஓட்டிப் பிழைப்போரின் சேதக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி.யை அகற்று! பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களை விற்பதை நிறுத்து, அவற்றை மக்களுக்குப் பொறுப்பாக்கு!

தோழர்களே! 1930-ல் தங்கவயல் தொழிலாளர்கள் தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் எந்தத் தாளிலும் ரேகை வைப்பான் என்று கம்பெனி எண்ணியது. அந்த எண்ணத்தை அவர்கள் பொய்யாக்கினார்கள். 1946 நவம்பரில் இந்த மண்ணில் போலீஸ் துப்பாக்கிக்கு ஆறு தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு சர்வேயர் விரல் காட்டும் இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அவர்களைத் தேடிப் போகாத குறை நம்முடையது.

ஆண்டர்சன்பேட்டைத் தோழரின் கடிதத்துக்குப் பதில் எழுதியாகிவிட்டது. ஹாசன் தீர்ப்பின் நகல் அத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. பேரேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அடுத்த பக்கங்களை நிரப்புவது தங்கவயல் கிளைகளின் கடமை.